கரண்ட்காரர் செய்த பல்செட்டு

என் அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக அவர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். அந்தப் பக்கத்திலும் ஒருவர் வந்தால் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவார். காலில் செருப்பு இருந்தாலும் கட்டுவார்.

போன் செய்வதற்கு முன்னால் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வார். ஒருமுறை கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல அவர் எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன். முதல் வரி "ஹலோ". இரண்டாவது வரி "அவர்கள் பேசும்வரை காத்திருக்கவும்". கடைசி வரி "நன்றி (ரொம்ப இழுக்காமல்)". இத்தனைக்கும் அந்த நம்பரில் பேசுவது மெஷின்.

முடி வெட்டுகிறவர் பதினொரு வருடங்களுக்கு முன்னால், "காதுக்கு மேல நல்லா ஏத்திடட்டுமா?" என்று கேட்டார். மாமா தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து மாதாமாதம் காதுக்கு மேல் நன்றாக ஏற்றிக்கொண்டு, யாரோ கோபத்தில் வெட்டிவிட்டது போலத் திரும்பி வருகிறார். கடையை மாற்றலாமே என்றால், அந்த வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும், வேறு இடத்தில் வெட்டிய தலையோடு அவர் முன்னால் எப்படி நடப்பது என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊர்ல எல்லாருக்கும் உங்களைப் பத்தி நினைக்கிறதுதான் வேலையா?" என்று கத்தியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு என்மேல கோபமா?" என்று கேட்பார். அதற்குமேல் என்ன செய்வது? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் வீட்டு ஹாலில்தான் என் கட்டில். அவர் வேலை பார்க்கும் இடத்தில்தான் எனக்கும் டெலிவரி வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. முதலாளிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். முதலாளி அடுத்த மேஜையில்தான் இருந்தார்.

அக்கா இந்த மனிதரோடு இரண்டு முறை வீடு மாற்றியிருக்கிறாள். முதல் வீட்டை விட்டதற்குக் காரணம், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டு ஓனர் "சௌக்கியமா?" என்று கேட்டதும், இவர் பதில் சொல்லாமல் போனதும். இரண்டாவது வீட்டுக் கதை இன்னும் மோசம். துக்கம் விசாரிக்கப் போனவர் வீடு தவறி அடுத்த தெருவில் வேறொரு துக்க வீட்டுக்குள் போய்விட்டார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இறந்தவர் யாரென்றே தெரியாது என்று. நடுவில் எழுந்தால் தப்பாக நினைப்பார்களே என்று சாயங்காலம்வரை இருந்தார். அழவும் செய்தார். ஒரு வாரம் கழித்து அந்தக் குடும்பமே நன்றி சொல்ல வீடு தேடி வந்தது. இறந்தவரோடு இவருக்கு எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டார்கள். மறுநாளே மாமா வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இப்படியாக மூன்றாவது வீட்டுக்கு, முதல் மாடிக்கு, வந்து சேர்ந்தோம். கீழ்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று அவர் படிக்கட்டில் நின்றார். மாமா கையில் அவருடைய பெட்டி. அதில் சின்னச் சின்னக் குறடுகள், கத்திகள், வயரோடு கூடிய ஒரு கைமோட்டார்.

"எலக்ட்ரீஷியனா?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகக் கேட்டார்.

மாமா அன்றைக்குத் தலையாட்டுவது என்ற முடிவோடு வந்திருந்தார். தலையாட்டினார்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். எல்லா அறை வயர்களும் வந்து சேரும் கீழ்வீட்டு ஸ்விட்ச் போர்டில் ஏதோ கோளாறு, புது ஆள் வந்திருக்கிறாரே, அவரே பார்க்கட்டும் என்று. இல்லை, நான் அந்த வேலை செய்கிறவன் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் முதலில் ஏன் தலையாட்டினாய் என்ற கேள்வி வருமே. போனார். போர்டைக் கழற்றினார், கண்ணை மூடிக்கொண்டாரோ என்னவோ, ஏதோ வயரை ஏதோ இடத்தில் சொருகி மூடினார். டீ சாப்பிடச் சொல்வார்கள் என்ற பயத்தில் சரியாக எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டார்.

அதற்கப்புறம் தெருவே அவரைக் கரண்ட்காரர் என்றது. மாமா பழைய புத்தகக் கடையில் வயரிங் பற்றி ஒரு புத்தகம் வாங்கி மொட்டை மாடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தார். மாதம் ஒருமுறை கீழிருந்து அழைப்பு வரும். காலிங் பெல், பல்பு, ஃபேன் ரெகுலேட்டர். காசு மட்டும் வாங்க மாட்டார். வாங்கினால் அது மோசடி, வாங்காவிட்டால் உதவி என்பது அவர் கணக்கு. ஒருமுறை ஷாக் அடித்தபோதுகூட "ஆ" என்று மெதுவாகத்தான் சொன்னார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஸ்டூலிலிருந்து இறங்கியதும் முதலில் கேட்டது, "சத்தம் வெளியே கேட்டிருக்குமா?"

ஒன்பது வருடங்கள் இப்படி ஓடின. இந்தக் காலத்தில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. என் மரமண்டைக்கு அப்போது எதுவும் ஏறவில்லை. நாங்கள் கீழ்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பட்டப்பகலிலும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். ஊதாரிக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, தோளில் வயர்ச் சுருள் மாட்டிய ஒரு ஆள் அவர்கள் பின்வாசல் வழியாகக் குனிந்து போவதை மூன்று நான்கு முறை பார்த்தேன். ஒருமுறை என்னைப் பார்த்ததும் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். திருடனோ என்று யோசித்தேன். ஏணியோடு வந்துபோகும் திருடன் எங்கே இருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

சரி, மாமாவின் உண்மையான வேலையைச் சொல்ல வேண்டும். அவர் பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். எங்கள் லேபின் பின்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகை வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ரோஸ் நிற ஈறு வைத்து, ராவி, மெருகேற்றி, டப்பாவில் போட்டு என்னிடம் கொடுப்பார். அந்த வேலையில் அவரை அடிக்க ஆள் இல்லை. வெறும் அச்சைக் கையில் வாங்கியதும், இவர் இடது பக்கமாகவே மெல்லுகிறவர், இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று சொல்லுவார். ஊரில் எத்தனையோ பேர் அவர் கையால் செய்ததைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. டப்பாவின்மேல் நம்பர் மட்டும்தான் இருக்கும். உலகத்திலேயே தனக்கு ஏற்ற வேலை இதுதான் என்பார்.

அந்த ஒன்பதாவது வருடம் நாற்பத்தேழாம் நம்பர் பல்செட்டு திரும்பி வந்தது. மாமாவின் பல்செட்டு திரும்பி வந்ததே கிடையாது. சரிசெய்து அனுப்பினார். மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அதை அனுப்பிய பல் டாக்டரம்மா முதலாளியைப் போனில் பிடித்துக்கொண்டார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது "அருமையா இருக்கு" என்கிறாராம். மறுநாள் அவர் மனைவி பல்செட்டைக் கொண்டுவந்து, அவர் கஞ்சியைத் தவிர எதையும் சாப்பிடவில்லை என்று அழுகிறாராம். ஈறெல்லாம் சிவந்திருக்கிறது, எந்த இடத்தில் குத்துகிறது என்று கேட்டால் குத்தவே இல்லை என்கிறாராம். செய்தவரே நேரில் வந்து பார்க்கட்டும், இல்லாவிட்டால் இனிமேல் வேறு லேபுக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். எங்கள் லேபுக்கு வரும் வேலையில் பாதி அந்த அம்மாவிடமிருந்து வருவது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, கருவி பிடிக்க முடியாது. லேபில் இருக்கும் இன்னொரு ஆள் பிளாஸ்டர் கலக்கும் பெண். மாமா போயே ஆக வேண்டும்.

அதையாவது தாளில் எழுதி ஒப்பேற்றியிருப்பார். ஆனால் நேரம் குறித்த சீட்டை டாக்டரம்மாவிடமிருந்து நான் வாங்கி வந்தேன். அதில் நம்பரோடு நோயாளியின் விலாசமும் இருந்தது. எங்கள் கட்டடம். கீழ்வீடு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அதை மாமாவிடம் கொடுத்தேன். அவர் பிறர் முன்னால் சாப்பிட மாட்டார், அதனால் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவார். சீட்டைப் படித்தார், தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேற வீடு பார்த்துடலாம்" என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மடித்த துண்டை அடுக்கின்மேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க. நானும் சாமானும் இங்கதான் இருப்போம். நீங்க வெட்கப்படறதுக்கெல்லாம் நான் பாத்திரம் கட்டி அலுத்துட்டேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா என்னைப் பார்த்து, "அவர் என்னைப் பொய்யன்னு நினைப்பார், இல்ல?" என்றார்.

"நினைச்சா என்ன மாமா ஆகும்?"

சீட்டை மறுபடி படித்தார். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதுவரைதான் அவர் இதுவரை போயிருக்கிறார். நினைத்த பிறகு என்ன ஆகும் என்ற இடத்துக்குப் போனதே இல்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதற்காக விட்டுவிடவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

கிளினிக்கில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல். மாமா முகக்கவசம் போட்டார், தலைக்குத் தொப்பி போட்டார், மேலே கண்ணாடித் தடுப்பும் மாட்டிக்கொண்டார். உள்ளே மனிதர் இருக்கிறாரா என்றே சந்தேகம் வரும். பேச்சு முழுக்க என்னுடையது, கை மட்டும் அவருடையது என்று ஒப்பந்தம். என்னையும் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் வீட்டம்மா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மாமா பல்செட்டை மாட்டிவிட்டு, பற்களுக்கு நடுவில் நீலத் தாளை வைத்தார். கடித்தால் எந்தப் பல் இடிக்கிறதோ அந்த இடத்தில் நீலம் ஒட்டும். அங்கே ராவினால் சரியாகிவிடும். இதுதான் முறை.

"கடிங்க சார்" என்றேன் குரலை மாற்றி.

கடித்தார். இடது ஓரத்தில் நீலப் புள்ளி. மறுபடி கடிக்கச் சொன்னேன். இந்த முறை வலது ஓரத்தில். மூன்றாம் முறை முன்பல்லில். மாமா நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் கடிக்கும்போது தாடை போகும் விதத்தைப் பார்த்தார். வலிக்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே மனிதர் தாடையை நைசாகத் திருப்பிவிடுகிறார். மூன்று முறையும் பொய்க்கடி. டாக்டரம்மா அனுப்பிய இதே மாதிரிப் பொய்ப் புள்ளிகளை நம்பித்தான் மாமா இரண்டு முறை நல்ல பல்லை ராவியிருக்கிறார்.

"வலிக்குதா சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே. அருமையா இருக்கு. செஞ்சவர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சொல்லும்போது கண்ணோரம் தண்ணீர்.

மாமாவின் கை நின்றுவிட்டது. இந்தப் பொய்யை இந்த உலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த மனிதர் எதற்காகச் சொல்கிறார், சொல்லும்போது உள்ளே எப்படி இருக்கும், சொன்ன பிறகு வீட்டுக்குப் போய் எப்படிக் கஞ்சி குடிப்பார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு கண்ணாடித் தடுப்பைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். காதுக்கு மேல் நன்றாக ஏற்றிய அந்தத் தலை வெளியே வந்தது. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். முகக்கவசத்தையும் கழற்றிவிட்டார்.

"சார், வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றார். "நான் தப்பா நினைக்க மாட்டேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, நீங்களா? இங்க கரண்ட் வேலையா?"

"நான் எலக்ட்ரீஷியன் இல்ல சார். என்னைக்குமே இல்ல. பல்செட்டு செய்யறதுதான் என் வேலை. அன்னைக்குப் படிக்கட்டுல நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டிட்டேன். அப்புறம் சொல்ல முடியல."

இனி வீடு காலி என்று நான் முடிவுகட்டியபோது மூலையிலிருந்து ஒரு பெரிய மூச்சு கேட்டது.

"அப்பாடா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா.

பிறகு அந்த அம்மா கொட்டித் தீர்த்தார். முதல் நாள் மாமா வேலை செய்ததிலிருந்து அவர்கள் வீட்டில் சமையலறை ஸ்விட்சைப் போட்டால் குளியலறையில்தான் விளக்கு எரியுமாம். குளியலறை ஸ்விட்சைப் போட்டால் வாசல் விளக்கு. சமையலறைக்கு வாசல் ஸ்விட்ச். ஒன்பது வருடங்களாக யாராவது குளிக்கப் போனால் சமையலறைக்குப் போய்ப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வருகிற விருந்தாளிகளுக்கு வாசலிலேயே பாடம் எடுக்க வேண்டும். சரிசெய்யலாம் என்றால் இவர் விடவில்லை. புதிதாகக் குடிவந்த மனிதர், அவர் வேலையில் குறை சொன்னால் மனம் நொந்துவிடுவார் என்று. மாமா வரும்போது தெரிந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே எல்லா விளக்கையும் போட்டு வைப்பார்களாம்.

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் கூப்பிட்டீங்க?" என்று நான் குரலை மாற்ற மறந்து கேட்டுவிட்டேன்.

"கூப்பிடலைன்னா அவர் வேலை பிடிக்கலைன்னு தெரிஞ்சுடுமே" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "மத்தியானம் எல்லாம் வீட்டுக்கு வர்றார், வேலை சரியா கிடைக்கல போலிருக்குன்னும் நினைச்சேன்."

மாமா பழுது பார்த்துவிட்டுப் போனதும் அடுத்த பேட்டையிலிருந்து நிஜ எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மாமா செய்ததைச் சரிசெய்ய வைத்து, பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்களாம். முதல் நாள் போர்டை மட்டும் தொடவிடவில்லை. அதைத் தொட்டால் அடுத்த முறை மாமா கண்டுபிடித்துவிடுவாரே. மாமா எதையும் கண்டுபிடிக்கத் தெரியாதவர் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் அடுத்த நோயாளியை நாளைக்கு வரச் சொன்னார். நான் முகக்கவசத்தின்மேல் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. நான் ஒன்பது வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன், ஊரில் யாரும் உங்களைப் பற்றி நினைப்பதில்லை என்று. தப்பு. கீழ்வீட்டில் ஒரு குடும்பமே இருட்டில் தடவிக்கொண்டு இவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாமா புதிய நீலத் தாளை எடுத்தார்.

"இப்ப சொல்லுங்க சார். வலிக்குதா?"

ஸ்டேஷன் மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் மாமாவைப் பார்த்தார்.

"உயிர் போகுது" என்றார்.

"எங்க?"

விரலை உள்ளே விட்டு இடம் காட்டினார். மாமா கைமோட்டாரை எடுத்தார். ஐந்து நிமிட வேலை. முடிந்ததும் அந்த மனிதர் ஒரு பிஸ்கட்டை நறுக்கென்று கடித்தார், கிளினிக்கே கேட்டது.

இதோடு மாமா அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. தலை இன்னும் காதுக்கு மேல் ஏறித்தான் இருக்கிறது. சிலிண்டருக்கு இன்னும் தாள்தான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வயர்ச் சுருள் ஆள் முதல்முறையாக முன்வாசல் வழியாக வந்தார். ஸ்விட்ச் போர்டைத் திறந்தார், தலையை உள்ளே விட்டுப் பார்த்தார், பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "இதை எந்த மடையன் செஞ்சான்?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போனார். பழக்கம் எங்கே போகும்? தாங்கள் குடிவந்தபோதே அப்படித்தான் இருந்தது, யார் செய்ததோ என்று அவசரமாக மூடி மறைத்தார். அக்காவும் நானும் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மாமா எங்களுக்கு நடுவில் இருந்தார். மாடிக்கு ஓடப்போகிறார் என்று வழிவிட்டு நின்றேன். அவர் கீழே இறங்கினார்.

"நான்தான்" என்றார்.

அந்த ஆள் மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வேலை ஞாபகம் வந்து, டெஸ்டரை நீட்டி, "சரி, இந்த வேலை தெரியும்ல? இதைக் கொஞ்சம் இங்க வச்சுப் பிடிங்க" என்றார்.

"தெரியாது" என்றார் மாமா.

அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.